கிணறும் துவக்கும்: நான்கு நைஜீரிய நாவல்கள்

‘நாட்டின் பாதுகாப்பு’ என்பது அரசுகள் பெரிதும் விரும்பிக் கையாளுஞ் சொற்றொடர்களுள் ஒன்றாகும். வரவு செலவுத் திட்டத்திலே படைக்கு ஒதுக்கப்படும் பெருந்தொகை கேள்விக்கு அப்பாற்பட்டதாவது இச்சொற்றொடரின் வலிமையாலேயே. பத்திரிகைகள் பூட்டப்படுவதும், மனிதர் விசாரணையின்றிச் சிறை வைக்கப்படுவதும் இதன் பெயராலேயே. ஆனால், இத்தொடரில் வரும் ‘நாடு’ என்ற சொல் எதனைக் குறிக்கின்றது? எல்லைக்கோட்டையா, ஆட்சியாளர் உறையும் மாளிகையையா, கடலை நோக்கி ஓடும் எண்ணெய்க் குழாயையா, அன்றி அம்மண்ணிலே பயிரிட்டும் மீன்பிடித்தும் லொறி ஓட்டியும் வாழும் மக்களையா? இவ்வினாவுக்கு விடை கூறாமலே இச்சொற்றொடரை வழங்கி வருவது ஆள்வோர்க்கு வசதியாக இருக்கின்றது.

1994ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் வெளியிட்ட மனித அபிவிருத்தி அறிக்கை இவ்வினாவை உலக அரங்கில் எழுப்பியது. பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மஹ்பூப் உல் ஹக்கின் வழிகாட்டலில் உருவான அவ்வறிக்கை, எல்லையையும் ஆயுதத்தையும் மட்டுங் கொண்டு பாதுகாப்பை அளத்தல் தகாது என வாதித்தது. வருவாய், உணவு, உடல்நலம், சுற்றாடல், தனிமனிதர் உயிர், சமூக வாழ்வு, அரசியல் உரிமை என்னும் ஏழினையும் அது ‘மனிதப் பாதுகாப்பு’ என்ற ஒரே கருத்தின் கீழ்க் கொண்டுவந்தது. எனினும், அறிஞர் அறிக்கை வரைவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே ஆபிரிக்க நாவலாசிரியர் இதே வினாவைத் தம் மக்களின் அனுபவத்தினின்றும் எழுப்பியிருந்தனர்.

இக்கட்டுரையில் நாம் நைஜீரியாவின் நான்கு நாவல்களை எடுத்துக்கொள்கின்றோம். சினுவா அச்செபேயின் ‘மக்களின் மனிதன்’ (1966), கென் சாரோ-விவாவின் ‘சோசாபோய்’ (1985), பெஸ்டஸ் இயாயியின் ‘வீரர்கள்’ (1986), மீண்டும் அச்செபேயின் ‘சவன்னாப் புற்றுகள்’ (1987) என்பனவே அவை. நான்கும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ‘சோசாபோய்’ நீங்கலாக ஏனைய தலைப்புகள் நாம் தமிழாக்கியவை. நைஜீரியா எமது வாசகர்க்கு முற்றிலும் அந்நியமான நாடன்று. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து, சிறப்பாக யாழ்ப்பாணத்திலிருந்து, ஆசிரியர் பலர் சென்று அந்நாட்டுப் பாடசாலைகளிற் படிப்பித்தனர். அச்செபேயின் முதல் நாவல் என். கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பிலே ‘சிதைவுகள்’ என்ற பெயரோடு தமிழில் உண்டு. ஆயின், வெள்ளையரின் வருகையாற் சிதைந்த கிராமத்தை எழுதியவர் என்ற அளவில் அச்செபேயை அறிந்து அமைவது போதாது. வெள்ளையர் போனபின் எஞ்சிய படையைப் பற்றி அவரும் அவர்க்குப் பின் வந்தோரும் எழுதியவற்றையும் நாம் கற்றல் வேண்டும்.

நாவல்களுட் புகுமுன் அப்படையின் பிறப்பை நோக்குதல் அவசியமாகும். அந்நிய ஆட்சியை எதிர்த்து மக்கள் திரட்டிய படை நைஜீரியாவில் இருந்ததில்லை. 1890களின் இறுதியிலே லுகார்ட் என்ற ஆங்கிலத் தளபதி திரட்டிய மேற்கு ஆபிரிக்க எல்லைப்புறப் படையே இன்றைய படையின் மூலம். 1903ஆம் ஆண்டிற் கானோவையும் சொக்கோட்டோவையும் பிரித்தானிய முடிக்குக் கீழ்ப்படுத்தியது அதுவே. ஆபிரிக்கனின் கையில் துவக்கைக் கொடுத்து ஆபிரிக்கனை அடக்குதலே அதன் முதற் பணி. இரண்டாம் உலகப் போரிலே அப்படையினர் பர்மாக் காடுகளில் யப்பானியரோடு பொருதினர். கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவொன்று 1943, 1944ஆம் ஆண்டுகளில் இலங்கையிலே தங்கியிருந்து பின்னர்ப் பர்மாப் போர்முனைக்குச் சென்றமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1960இல் நைஜீரியா சுதந்திரம் பெற்றபோது கொடி மாறியது. படையின் அமைப்போ நோக்கோ மாறவில்லை. 1965 வரை அதன் தலைமையும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1966 ஜனவரி 15ஆந் திகதி இளம் மேஜர்கள் சிலர் நடத்திய சதிப்புரட்சியிலே பிரதம மந்திரி தபாவா பலேவா கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் எதிர்ப்புரட்சி ஒன்று நடந்தது. வடக்கில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கிற் படுகொலை செய்யப்பட்டனர். 1967 மே 30இல் கிழக்கு மாகாணம் பயாவ்ரா என்ற பெயரிற் பிரிந்தது. 1970 ஜனவரி வரை நீடித்த போரில் மாண்டோர் பத்து இலட்சத்துக்குக் குறையார் என்பர். அவருட் பெரும்பாலோரைக் கொன்றது பட்டினியே. 1966இல் ஏறக்குறையப் பத்தாயிரம் பேரைக் கொண்டிருந்த படை, போர் முடிவில் இரண்டரை இலட்சமாகப் பெருகியிருந்தது. 1979 முதல் 1983 வரையான நான்காண்டும், 1993இற் சில வாரங்களும் நீங்கலாக, 1999 வரை அந்நாட்டை ஆண்டது சீருடையே. இத்தனை காலத்திலும் நைஜீரியாவைக் கைப்பற்ற எந்த அந்நியப் படையும் வந்ததில்லை என்பதை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். துவக்கு எப்போதும் உள்நோக்கியே நீட்டப்பட்டது.

‘மக்களின் மனிதன்’ ஒரு சதிப்புரட்சியோடு முடிகின்றது. அந்நாவல் வெளியானதும் 1966 ஜனவரியிலேதான். நூலில் நடந்தது நாட்டிலும் நடந்துவிடவே, அச்செபே தீர்க்கதரிசி எனப் போற்றப்பட்டார். மறுபுறம், சதியை முன்னரே அறிந்திருந்தார் என்ற சந்தேகத்துக்கும் ஆளானார். இன்றும் அந்நாவலைப் பற்றிப் பேசுவோர் இத்தீர்க்கதரிசனத்தையே முதன்மைப்படுத்துகின்றனர். எமது கருத்திலே இது நாவலைத் தவறாக வாசிப்பதாகும். என்ன நடக்கும் என்பதைக் கூறியதிலும் பார்க்க, அது எதனால் நடந்தது என்பதைக் கூறியதிலேயே நாவலின் சிறப்புத் தங்கியுள்ளது.

கதை கூறுவோனாகிய ஒடிலி ஓர் இளம் ஆசிரியன். அவனுக்கு முன்னொரு காலத்திற் படிப்பித்த நங்கா இப்போது கலாசார மந்திரி. லஞ்சத்திற் கொழுத்த இம்மந்திரியை எதிர்த்துத் தேர்தலில் நிற்க ஒடிலி முனைகின்றான். கூட்டத்தில் வைத்து அடித்து நொறுக்கப்படுகின்றான். அவனுடைய நண்பனாகிய சட்டத்தரணி மக்ஸ், தேர்தலன்று இன்னொரு மந்திரியின் வாகனத்தால் மோதிக் கொல்லப்படுகின்றான். தேர்தலுக்கென அரசியல்வாதிகள் வளர்த்த அடியாட் கூட்டங்கள் கட்டறுத்துத் திரிகின்றன. அந்த வேளையிலே படை தலையிடுகின்றது. நங்கா மீனவன் வேடத்திலே தப்பியோட முயன்று பிடிபடுகின்றான். வாசகன் மகிழ்கின்றான். ஆனால் ஒடிலியோ, மக்கள் எழுந்து இவ்வாட்சியைக் கவிழ்த்தனர் என்ற எண்ணத்தை வெளிப்படையாகவே மறுக்கின்றான். நேற்றுவரை மந்திரிக்கு மாலையிட்டவரே இன்று மந்திரியை வைகின்றனர்; நேற்றுத் தெருவிலே கொல்லப்பட்ட மக்ஸ் இன்று தியாகி. மக்களிடையே இயக்கம் இல்லாத வெற்றிடத்திலேதான் படை புகுந்தது என்பதே நாவல் உணர்த்தும் உண்மை. அடியாட் கூட்டம் தனியார் படை. அதனை அடக்க வந்தது அரசின் படை. இரண்டிலும் மக்களுக்கு இடமில்லை.

எனினும், இந்நாவலில் ஒரு குறை உண்டு. அது படையின் வருகையோடு முற்றுப்பெறுகின்றது. படை வந்தபின் கிராமத்தவனின் சோற்றுக்கும் உயிருக்கும் என்ன நேர்ந்தது என்பது நூலின் எல்லைக்கு வெளியே நிற்கின்றது. ஏனைய மூன்று நாவல்களையும் இக்கடைசிப் பக்கத்தின் தொடர்ச்சியாகவும் திருத்தமாகவும் நாம் வாசிக்கலாம்.

‘சோசாபோய்’ நாவலின் நாயகன் மெனே என்னும் இளைஞன். டுக்கானா என்ற சிற்றூரினன். லொறிச் சாரதி ஒருவரிடம் தொழில் பழகுபவன். தாய்க்கு ஒரே மகன். அவன் படையிற் சேர்வது கொள்கை பற்றியன்று. சீருடையின் மிடுக்கு, பர்மாவிற் போரிட்டுத் திரும்பிய சாசா என்ற முதியவனின் வீரக்கதைகள், தன்னைக் காக்கவல்ல ஆண்மகனை வேண்டும் மனைவி ஆக்னெஸ், துவக்கு உள்ளவனுக்கே ஊரில் மதிப்பு என்ற அன்றாட அறிவு ஆகியனவே அவனை இழுக்கின்றன. வெள்ளையரின் போருக்குப் போய்வந்தவனின் கதை, சுதந்திர நாட்டின் போருக்கு இளைஞனை அனுப்பிவைக்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். எல்லைப்புறப் படையின் நிழல் அத்துணை நீண்டது.

போர் யாருக்கும் யாருக்குமிடையே, எதற்காக நடக்கின்றது என்பதை மெனே இறுதிவரை அறியான். ‘எதிரி’ என்ற சொல்லைக் கேட்கின்றான், எதிரியைக் காணவில்லை. அவன் காண்பது, தன் நண்பனைச் சிறுநீர் குடிக்கச் செய்து அவமதிக்கும் தன் அணித் தளபதியையும், வானத்திலிருந்து விழுந்து தோழரைச் சிதைக்கும் குண்டையுமே. மன்முஸ்வாக் என்றொரு பாத்திரம் ஒரு தரம் இப்பக்கத்திலும் மறுதரம் அப்பக்கத்திலும் தோன்றுகின்றது. மனிதன் உண்டாக வேண்டும் என்பதே அப்பெயரின் பொருள். வயிற்றுக்காகப் போரிடுபவனுக்கு இரு படையும் ஒன்றே. அகதி முகாமிலோ, பசியால் வயிறு வீங்கிய குழந்தைகளுக்கு நடுவிலே, ஊர்த் தலைவரும் பாதிரியாரும் நிவாரண உணவைத் தமக்கென ஒதுக்கிக் கொழுக்கின்றனர். ஈற்றில் ஊர் திரும்பும் மெனே, தாயும் மனைவியும் குண்டு வீழ்ந்து மாண்டனர் என அறிகின்றான். ஊரவரோ அவனை உயிருள்ள மனிதனாகவே ஏற்க மறுக்கின்றனர். நோயைக் கொணர்ந்த பேய் என அஞ்சுகின்றனர். எவரைக் காக்கவென்று துவக்கைத் தூக்கினானோ, அவர்களில் இருவர் இல்லை. எஞ்சியோர்க்கு அவனே அச்சத்தின் வடிவம். ‘நாட்டின் பாதுகாப்பு’ என்பதன் மேல் இதனிலும் கடுமையான தீர்ப்பை எந்த ஆய்வு நூலும் எழுதியதில்லை.

இந்நாவலின் மொழியைப் பற்றி இரண்டொரு சொல் கூறவேண்டும். ஆசிரியரே இதனை ‘அழுகிய ஆங்கிலத்தில்’ எழுதிய நாவல் எனத் தலைப்பின் கீழ்க் குறித்துள்ளார். சந்தை ஆங்கிலமும், பாதி கற்ற பாடசாலை ஆங்கிலமும், இடையிடையே சுத்தமான ஆங்கிலமும் கலந்த நடை அது. விமர்சகர் சிலர் இதனை வெறும் நடைச் சோதனையாகக் கண்டு வியந்தனர். நாம் அவ்வாறு கொள்வதற்கில்லை. இலக்கண சுத்தமான ஆங்கிலம் அந்நாட்டிலே கட்டளையிடுவோரின் மொழி. அணிவகுப்பிலே தளபதி பேசுவது மெனேக்கு விளங்குவதில்லை. விளங்காத கட்டளைக்காகவே அவன் சாகப் போகின்றான். ஆள்வோர் மொழி அவனுக்குப் புரியவில்லை என்பதும், அவன் மொழி ஆள்வோர்க்கு ‘அழுகல்’ என்பதும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள். ஒடுக்கப்பட்டோரின் பேச்சை நாவலிலே புகுத்தியதற்காக ‘இழிசனர் வழக்கு’ என்ற வசையைச் சுமந்த ஈழத்து எழுத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

இயாயியின் ‘வீரர்கள்’ வேறொரு திசையிலிருந்து அதே போரை நோக்குகின்றது. அதன் நாயகன் ஒசிமே ஒரு பத்திரிகையாளன். சமஷ்டி அரசின் படை மக்களை விடுவிக்க வருகின்றது என்று தொடக்கத்தில் நம்புகின்றான். விடுவிக்க வந்த படை அப்பாவிகளைச் சுட்டு வீழ்த்துவதைக் கண்டதும் அந்நம்பிக்கை சிதறுகின்றது. அவ்வகைக் கொலை கற்பனையன்று. 1967 அக்டோபரில் அசாபா நகரில் சமஷ்டிப் படையினர் நூற்றுக்கணக்கான ஆடவரையும் சிறுவரையும் திரட்டிக் கொன்றமை வரலாறு. ஒசிமே மெல்ல மெல்ல ஒரு முடிவுக்கு வருகின்றான். இரு பக்கத்தும் சாகும் சிப்பாய் ஏழை. இரு பக்கத்தும் தளபதிகளும் அரசியல்வாதிகளும் வணிகரும் போரால் வளர்கின்றனர். ஆகவே இரு பக்கத்து ஏழைகளும் இணைந்த மூன்றாவது படை ஒன்று வேண்டும் என்பதே அம்முடிவு.

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நாம் நேர்மையோடு இரண்டு விடயங்களை ஒப்புக்கொள்ளல் வேண்டும். முதலாவது, வரலாறு பற்றியது. பயாவ்ரா மக்களைப் பட்டினியிட்ட சமஷ்டி அரசுக்கு ஆயுதம் வழங்கியது பிரித்தானியா மட்டுமன்று. சோவியத் யூனியனும் வழங்கியது. மறுபக்கத்தில் பிரான்ஸ் தன் நலங்கருதி மறைவாகப் பயாவ்ராவுக்கு உதவிற்று. ஏகாதிபத்தியம் என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, எமக்கு வேண்டியவரின் துவக்குகளை மட்டும் மறந்துவிடுதல் நேர்மையாகாது. பட்டினியால் மாண்ட குழந்தைக்கு அத்துவக்கு எந்நாட்டில் வார்க்கப்பட்டது என்பது பொருட்டன்று.

இரண்டாவது, கலை பற்றியது. இயாயியின் கருத்து எமக்கு மிக நெருங்கியது. ஆயினும் நாவல் என்ற முறையில் ‘வீரர்கள்’ ‘சோசாபோய்’க்கு ஈடாகாது என்றே சொல்வோம். மூன்றாவது படையைப் பற்றி ஒசிமே நெடிது சிந்திக்கின்றான், பேசுகின்றான். அதனை உருவாக்கவல்ல உழவனோ தொழிலாளியோ நூலிலே தம் காலில் நிற்கும் பாத்திரங்களாக எழவில்லை. சாரோ-விவாவோ போர்க்காலத்தில் சமஷ்டி அரசின் பக்கம் நின்று பொனித் துறைமுகத்தின் நிர்வாகியாகப் பணிபுரிந்தவர். அவர் அரசியலில் எமக்கு உடன்பாடில்லாதன உண்டு. இருந்தும் அவர் நாவல் தம் அரசைக் காப்பாற்றவில்லை. சிப்பாயின் கண்ணால் மட்டுமே உலகைக் கண்டதால், எந்த அரசையும் அது விட்டுவைக்கவில்லை. 1888இல் ஏங்கெல்ஸ் எழுதிய கடிதமொன்றிலே, முடியாட்சிப் பற்றாளராகிய பால்சாக்கின் யதார்த்தம் அவர்தம் சொந்தச் சார்பையே மீறிச் சென்றமையை எடுத்துக்காட்டினார். அக்கருத்துக்குச் ‘சோசாபோய்’ மற்றோர் உதாரணம். சரியான கொள்கை சரியான நாவலைத் தானாகவே தந்துவிடாது என்பதை எமது இளம் எழுத்தாளரும் உணர்தல் நன்று.

இனி, ‘சவன்னாப் புற்றுகள்’ நாவலுக்கு வருவோம். முதல் நாவலுக்கு இருபத்தோராண்டுகளின் பின், அச்செபே தாம் நிறுத்திய இடத்திலிருந்தே மீண்டுந் தொடங்குகின்றார். கங்கான் என்ற கற்பனை நாட்டிலே படை ஏற்கனவே ஆட்சிபீடத்தில் இருக்கின்றது. சாண்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரியிற் பயின்ற சாம் நாட்டின் தலைவன். அவனுடைய பள்ளித் தோழர்களில் ஒருவனான கிறிஸ் தகவல் மந்திரி. மற்றவனான இக்கெம் அரசுப் பத்திரிகையின் ஆசிரியன்.

சாம் ஆயுட்காலத் தலைவனாக விரும்பி மக்கள் தீர்ப்புக் கேட்டபோது, அபசோன் என்ற வறண்ட மாகாணம் ‘இல்லை’ என்றது. அதற்குத் தண்டனையாக அங்கே தோண்டப்பட்டுக்கொண்டிருந்த ஆழ்கிணறுகளின் வேலை நிறுத்தப்படுகின்றது. பஞ்சம் மூள்கின்றது. தண்ணீர் கேட்டு முதியோர் குழு ஒன்று தலைநகருக்கு வருகின்றது. வந்தவர்கள் கலகக்காரராகக் காணப்படுகின்றனர். அவர்களைச் சந்தித்த இக்கெம் சதிகாரனாகின்றான். இரகசியப் பொலிசார் அவனைக் கொல்கின்றனர். தப்பியோடும் கிறிஸ் வடக்கு நோக்கிச் செல்லும் வழியில், ஒரு பெண்ணைக் கெடுக்க முயலும் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவனைத் தடுக்கப் போய், அவன் துவக்குக்கு இரையாகின்றான். அந்நேரந்தான் தலைநகரிலே மற்றொரு சதிப்புரட்சி நடந்து சாம் கவிழ்ந்த செய்தி வருகின்றது. தெருவிலே கூட்டம், கொள்ளையடித்த பியரைக் குடித்துக் கூத்தாடுகின்றது.

இந்நாவலின் மையம் அந்தக் கிணறே என்பது எமது துணிபு. அபசோனின் முதியோர்க்குப் பாதுகாப்பு என்பது நீர். சாமுக்குப் பாதுகாப்பு என்பது நாற்காலி. நீரை வேண்டுதல் நாற்காலிக்கு ஆபத்து எனக் கருதப்படும் கணத்திலேயே ‘நாட்டின் பாதுகாப்பு’ மக்களுக்கு எதிரான ஆயுதமாகிவிடுகின்றது. கிறிஸைச் சுடுபவன் பெருந்தளபதியல்லன், சாதாரண சார்ஜன்ட் என்பதும் பொருள் பொதிந்தது. தண்டனைக்கு அஞ்சாத அதிகாரம் மேலிருந்து கீழே வடிந்து, வீதித்தடையில் நிற்கும் கடைசி மனிதனின் கையையும் நிறைத்துவிடுகின்றது. ‘மக்களின் மனிதன்’ ஒரு சதிப்புரட்சியோடு முடிந்தபோது வாசகன் பெருமூச்சு விட்டான். இங்கே சதிப்புரட்சி நிகழ்வதற்கும் கிறிஸின் சாவுக்கும் இடையே எவ்வித தொடர்பும் இல்லை. ஆட்சி மாறியது, வீதித்தடையிலே துவக்கு மாறவில்லை.

ஆயினும், அச்செபேயின் பார்வை இங்கும் மேற்படியினரைச் சுற்றியே சுழல்கின்றது. நாட்டின் துயரம் மூன்று பள்ளித் தோழர்களின் முரண்பாடாகச் சுருங்குமாறு கதை அமைந்துள்ளது. இக்குறையை ஆசிரியரும் உணர்ந்தார் போலும். நூலின் முடிவிலே, கடையொன்றில் வேலை செய்த எலேவா இக்கெமின் குழந்தையைப் பெற, கல்வி கற்ற பியற்றிஸ் வழமைக்கு மாறாகத் தானே அதற்குப் பெயரிடுகின்றாள். அச்சிறு அறையிலே பல இனத்தவரும், பல சமயத்தவரும், பல தொழிலினரும் கூடியிருக்கின்றனர். மந்திரி எவரும் அங்கில்லை. எனினும், நான்கு நாவல்களிலும் பெண்கள் பெரிதும் போரின் பலிகளாகவோ ஆடவரின் துணைகளாகவோ நிற்கின்றனர் என்பதை மறைக்க முடியாது. புளோரா நுவாப்பாவின் ‘இனி ஒருபோதுமில்லை’ (1975), புச்சி எமெசெட்டாவின் ‘பயாவ்ராவை நோக்கி’ (1982) போன்ற பெண்களின் நூல்களோடு சேர்த்து வாசிக்கும்போதே சித்திரம் நிறைவுறும்.

நாவல்களின் கதை நூலோடு முடியவில்லை. சாரோ-விவா ஒகோனி இனத்தவர். ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் வாழும் அந்நிலத்தில் 1958இல் எண்ணெய் காணப்பட்டது. எண்ணெய் நாட்டின் செல்வம் ஆயிற்று. கசிவும் புகையும் ஒகோனி மக்களின் பங்காயின. வயலும் கழிமுகமும் கெட்டன. 1990இல் எழுந்த ஒகோனி மக்கள் இயக்கத்தின் முன்னணியில் அவர் நின்றார். 1994இல் ஒகோனித் தலைவர்கள் நால்வர் கொல்லப்பட்டபோது, அக்கொலைக்கு அவரே தூண்டுகோல் எனக் குற்றஞ்சாட்டிய இராணுவ அரசு, மேன்முறையீட்டுக்கு இடமற்ற விசேட நீதிமன்றத்தில் அவரை நிறுத்திற்று. 1995 நவம்பர் 10ஆந் திகதி அவரும் தோழர் எண்மரும் தூக்கிலிடப்பட்டனர். 2011இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் அந்நிலத்தை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, ஓரூரின் கிணற்று நீரில் பென்சீன் என்னும் நச்சுப் பொருள், உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவிலும் 900 மடங்குக்கு மேல் இருந்ததாகக் கூறிற்று. நிலத்தைத் துப்புரவாக்க 25 முதல் 30 ஆண்டுகள் செல்லலாம் என்றும் அது மதிப்பிட்டது. அபசோனின் தோண்டப்படாத கிணறும், ஒகோனியின் நஞ்சூறிய கிணறும் ஒரே கிணறே. எண்ணெய்க் குழாயைக் காக்கப் படை இருந்தது. கிணற்றைக் காக்க எவரும் இருக்கவில்லை.

இயாயியின் முடிவும் சிந்தனைக்குரியது. பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தின் தலைவராக விளங்கிய அவர், 2013 நவம்பரிலே, நாடளாவிய ஆசிரியர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, சங்கக் கூட்டத்துக்குச் செல்லும் வழியில் மாநில ஆளுநர் ஒருவரின் பாதுகாப்பு வாகன வரிசையைச் சேர்ந்த வாகனம் மோதி உயிரிழந்தார். ஆளுநரின் பாதுகாப்பு ஆசிரியனின் உயிரைக் கொண்டது.

வாசகர் ஒரு தடையை எழுப்பலாம். படை எப்போதும் பிற்போக்கானதுதானா? புர்க்கினா பாசோவின் தோமஸ் சங்காரா ஒரு படைத் தளபதியல்லரா? 1983 ஆகஸ்டில் ஆட்சியேற்ற அவர் குழந்தைகளுக்குப் பெருமளவில் தடுப்பூசி இடுவித்தார், மரம் நடுவித்தார், மந்திரிமாரின் ஆடம்பர வாகனங்களை விற்றார். உண்மை. பாதுகாப்பு என்பதற்கு மக்களின் உணவும் உடல்நலமும் எனப் பொருள் கொண்ட ஆட்சி அது. எனினும் 1987 அக்டோபர் 15இல் அவரைக் கொன்றதும் அதே படையே. மக்களின் கையிலன்றித் துவக்கின் கையிலே தங்கியிருந்த நன்மையைத் துவக்கே ஒருநாளிற் பறித்துவிட்டது. சங்காராவைப் போற்றுவோர் இப்பாடத்தையும் சேர்த்தே போற்றுதல் வேண்டும்.

மாலியில் 2020, 2021ஆம் ஆண்டுகளிலும், புர்க்கினா பாசோவில் 2022இல் இருமுறையும், நைஜரில் 2023இலும் படையினர் ஆட்சியைக் கவர்ந்தபோது அவர் கூறிய காரணம் ‘பாதுகாப்பின்மை’. தலைநகர்களிலே கூட்டம் ஆரவாரித்தது. அந்நியத் துருப்புகளை வெளியேற்றுவோம் என்ற முழக்கம் நியாயமானதே. ஆனால் 2022 மார்ச் மாத இறுதியில் மாலியின் மூரா என்னும் ஊரிலே மாலிப் படையும் உடன்வந்த அந்நிய ஆயுததாரிகளும் குறைந்தது 500 பேரைக் கொன்றனர் என ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் அறிக்கையிட்டது. ஓர் அந்நியன் போக வேறோர் அந்நியன் வந்தான். கிராமத்தவன் நிலை மாறவில்லை. மறுபுறம், வாக்குச் சீட்டு வந்தவுடன் யாவும் சீராகும் என்பாரும் 1999 நவம்பரை எண்ணிப்பார்த்தல் வேண்டும். நைஜீரியாவிலே தேர்தலில் வென்ற ஜனாதிபதி பதவியேற்று ஆறு மாதங்களுள், எண்ணெய் வளமுள்ள கழிமுகப் பகுதியின் ஓடி என்ற ஊரைப் படையினர் தரைமட்டமாக்கினர். சீருடை ஆட்சி போய்க் குடியாட்சி வருதல் முதற் படியே. பாதுகாப்பு என்ற சொல்லின் பொருளை மக்கள் தாமே தீர்மானிக்கும் வரை துவக்கு உள்நோக்கியே இருக்கும்.

2025 ஜூன் 12ஆந் திகதி நைஜீரிய ஜனாதிபதி, சாரோ-விவாவுக்கும் தோழர் எண்மர்க்கும் மன்னிப்பு வழங்கினார். மாண்டு முப்பதாண்டு ஆகும் தறுவாயில் கிடைத்தது மன்னிப்பு. குற்றமற்றவர் என்ற தீர்ப்பன்று. கொன்றவன் கொல்லப்பட்டவனை மன்னிக்கும் இவ்விசித்திரத்தை மெனே கேட்டிருப்பின், தன் அழுகிய ஆங்கிலத்திலே ஏதேனும் கூறியிருப்பான். அரசின் மொழியில் இதற்குப் பெயர் பெருந்தன்மை.

இந்நாவல்களை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியரும், அவற்றைத் தேடிப் படிக்கும் மாணவரும் ஒரு வினாவை மட்டும் கையிற் கொண்டு படிப்பாராக: காக்கப்படுவது யார்? பாதுகாப்புப் பற்றிய எந்தப் பேச்சைக் கேட்டாலும், எந்தச் சட்டத்தைப் படித்தாலும், அபசோனின் முதியோர் வந்து நின்ற வாசலில் நாமும் ஒருகணம் நின்று, அவர்கள் கேட்ட கிணறு தோண்டப்பட்டதா என்று வினவுதல் வேண்டும்.